அலமாரி நிறைந்தும் மனம் நிறையவில்லை

கேள்வி: வயது 43. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதும் வேலை. ஆறு ஆண்டுகளாக ஆன்மிக நூல்களை வாங்கிப் படிக்கிறேன். ஒவ்வொன்றும் சில நாள் என்னை வேறு மனிதனாக்குகிறது. பிறகு பழைய கோபம், பழைய சலிப்பு. வேலையை விட்டுத் திருவண்ணாமலைக்கே போய்விடலாமா? இதைச் சொன்ன நாளிலிருந்து மனைவி என்னோடு பேசுவதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆற்காடு

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் இணைத்திருந்த பட்டியலில் 62 நூல்கள் உள்ளன. அவற்றுள் எதை இரண்டாம் முறை படித்தீர்கள் என்று எழுதவில்லை. என் அலமாரியிலும் இப்படிச் சில உண்டு. முதல் நாற்பது பக்கம் வரை பென்சில் கோடு, அதற்கு மேல் கைபடாத தாள், நடுவே எப்போதோ செருகிய காட்பாடிப் பேருந்துச் சீட்டு. ஆகவே உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை.

நீங்கள் போக நினைக்கும் ஊரிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. 1902-இல் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்து, அப்போது பேசாதிருந்த ரமணரிடம் கேட்ட கேள்விகளும், அவர் எழுதிக் காட்டிய விடைகளுமே பின்னாளில் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. மனத்தை அடக்குவதே எல்லா நூல்களின் முடிந்த கருத்து என்று அறிந்த பிறகு, அளவின்றிப் படித்துக்கொண்டே போவதால் பயனில்லை என்று அந்நூலே கூறுகிறது. கேள்வி கேட்டவரும் மறுநாளே வேலையை உதறவில்லை. 1910-இல்தான் விலகினார், அதுவும் சம்பளமின்றி இல்லறம் நடத்தும் வசதி இருந்ததால். உங்களுக்கு அந்த வசதி இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. வீட்டைத் துறந்து வர அனுமதி கேட்டவர்களை ரமணர் பொதுவாக ஊக்குவித்ததுமில்லை.

நூலால் மாறியவர் இல்லையா என்று கேட்பீர்கள். காந்தி 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற 24 மணி நேர ரயில் பயணத்தில் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலொன்றைப் படித்து, உறங்காமல் விடிந்ததும் அதன்படி வாழத் துணிந்தார். அவ்வாண்டே, அவரும் தோழர்களும் கூடி உழைத்து வாழ்ந்த ஃபீனிக்ஸ் பண்ணை உருவாயிற்று. இதை நூலின் மகிமையாக மட்டுமே பலரும் சொல்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. தம்முள் ஆழ்ந்து கிடந்த எண்ணங்களையே அந்நூலில் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அடுத்து எந்த நூல் வாங்கலாம் என்றும் அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை.

பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். மற்றவற்றை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். மூன்று மாதம் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். விடியற்காலையில் ஒரு பக்கம் படித்தால் போதும். மாலையில் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும் அந்த நேரத்தில் யார் மேல் எரிந்து விழுந்தீர்கள் என்பதை நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள். கணக்கெழுதும் உங்களுக்கு இது கடினமன்று. உறக்கமும் பசியும் கெட்டிருந்தால் அதை ஆன்மிக விழிப்பு என்று எண்ணாமல் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் மனைவி நூல்களைப் பகைக்கவில்லை. விட்டுவிட்டுப் போவேன் என்ற சொல்லுக்கு அஞ்சுகிறார். அந்தச் சொல்லை இன்றிரவே திரும்பப் பெறுங்கள். அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் செல்வதானால் அவரையும் அழையுங்கள். சுற்றுப்பாதை 14 கிலோமீட்டர். பேசத் தொடங்க நேரம் தாராளமாகக் கிடைக்கும்.