காய்ச்சலுக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்

கேள்வி: எனக்கு வயது 35. யாங்கோன் புறநகரில் மாமாவின் பேட்டரிப் பட்டறையில் வேலை. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. மனைவிக்கு 31 வயது. எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்கிறார்கள். போன ஜூலையில் டெங்கு வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். ஆகஸ்ட் கடைசியில் யாருக்கும் சொல்லாமல் விந்துப் பரிசோதனைக்குப் போனேன். வீட்டிலேயே எடுத்து, இருந்த டப்பா ஒன்றில் போட்டு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மில்லிக்கு 60 லட்சம், அசைவு 18 சதவீதம் என்று வந்தது. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. நண்பர் ஒருவர் ஆண்மை ஊசி போடச் சொல்கிறார். சென்னையிலிருந்து வரவழைத்த சத்துப் பவுடரும் சாப்பிடுகிறேன். நாளைக்குப் பத்துப் பொட்டலம் கூன்யா (புகையிலை வைத்து மடித்த வெற்றிலை) போடுவேன். அம்மா என் மனைவியைத்தான் குறை சொல்கிறார். அவளுக்காகப் பீலிக்கான் கோயிலில் நேர்ந்துகொண்டிருக்கிறார். ரிப்போர்ட் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. எனக்குக் குழந்தை பிறக்குமா? (பெயர் வேண்டாம், யாங்கோன்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஊசி இருக்கிறது, பவுடர் இருக்கிறது, கோயில் இருக்கிறது. ஒரு டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்தார் என்ற வரி மட்டும் எங்கேயும் இல்லை. குறை என்று ஒன்று இருந்தால், முதல் குறை அதுதான்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். விந்தணு ஒன்று உருவாகி, முதிர்ந்து, வெளியே வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே, உள்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு வாரம் உடம்பு அனலாகக் கொதித்தால் உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும் அணுக்கள் பாதிக்கப்படும். நீங்கள் ஆகஸ்டில் கொடுத்தது ஜூலைக் காய்ச்சலில் வெந்த சரக்கு. எண்ணிக்கை குறைந்ததில் டெங்குவுக்குப் பங்கு இருக்கலாம். வாங்கிக்கொண்டவர்கள் "சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அசைவு குறைந்ததற்கு அந்த பஸ்ஸே போதும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும், அவர்கள் தரும் டப்பாவில்தான் எடுக்க வேண்டும். கண்ட பிளாஸ்டிக் டப்பாவும், அதில் ஒட்டியிருக்கும் சோப்பும் விந்தணுவைக் கொன்றுவிடும். ஆய்வகத்திலேயே தனி அறை இருந்தால் அங்கே எடுத்துக் கொடுப்பது நல்லது. அதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும்.

இப்போது நவம்பர். காய்ச்சலின் கணக்கு தீர்ந்துவிட்டது. மறுபடி எடுங்கள். அப்போதும் குறைவாக வந்தால் மிரள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ்வரம்பு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், அசைவு 42 சதவீதம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எண்ணிப் பார்த்து எடுத்தவை. அப்படி அப்பா ஆனவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்த வரம்புக்குக் கீழேதான் இருந்தார்கள்.

அப்புறம் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான மருத்துவர்) ஒருவரிடம் போங்கள். கைலியை அவிழ்த்து நிற்கச் சொல்வார். கூச்சம்தான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விதையின் அளவைப் பார்ப்பார், விந்துக் குழாய் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், மூச்சை அடக்கி முக்கச் சொல்லி ரத்தக்குழாய் புடைக்கிறதா என்று பார்ப்பார். இப்படிப் புடைத்துச் சுருண்டிருப்பதை வேரிகோசீல் என்பார்கள். பெரும்பாலும் இடது பக்கம் வரும். பொதுவாக ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இருக்கும். குழந்தையில்லை என்று வருகிறவர்களில் 35, 40 பேருக்கு இருக்கும். கையில் தட்டுப்படும் அளவுக்கு இருந்து, விந்தணுவும் குறைவாக இருந்தால் அறுவை சிகிச்சை பலன் தரும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்னதற்குக் கத்தி வேண்டாம். வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா, சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததா, டிபி இருந்ததா என்றும் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்.

நண்பர் சொன்ன ஊசியைத் தொடவே தொடாதீர்கள். ஆண்மை ஊசி என்பது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன். அதை வெளியிலிருந்து ஏற்றினால், "போதும், சரக்கு வந்துவிட்டது" என்று மூளை விதைக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு சுத்தமாக நின்றுபோனவர்கள் உண்டு. ஊசியை நிறுத்திய பிறகும் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதோடு, உங்களுக்குத் தாம்பத்தியத்தில் குறை இல்லையே. ஆண்மை வேறு, அணு வேறு. பவுடரையும் நிறுத்தலாம். 2020ல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைப் பிறப்பு கூடவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் பட்டறை. பேட்டரி என்றால் ஈயம், ஈயம் விந்தணுவுக்கு விஷம். தகட்டைத் தொட்ட கையாலேயே கூன்யாப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போடுகிறீர்கள், அதுவும் நாளைக்குப் பத்து. ஈயமும் புகையிலையும் சேர்ந்து உள்ளே போகிறது. ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் சாப்பிடாதீர்கள், வீட்டுக்குள் நுழையும் முன் சட்டையை மாற்றுங்கள், கூன்யாவை விட்டுவிடுங்கள். இதன் பலன் தெரியவும் மூன்று மாதம் ஆகும்.

இதற்கெல்லாம் பிறகும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் வழி இருக்கிறது. ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்சி முறையில் பிறந்த முதல் குழந்தைகளைப் பற்றி 1992ல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்தார்கள். விந்தில் அணுவே இல்லாத சிலருக்கும் விதையிலிருந்து எடுத்துச் செய்கிறார்கள். செலவு பெரிது, அதனால் அது கடைசிப் படி. ஆனால் மனைவிக்கு 31; வருடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

அம்மா விஷயம். நம் ஊர்ப் பேச்சில் மலடி என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மலடன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தத் தாள் துணிக்கு அடியில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் பங்கையும் உங்கள் மனைவிதான் சுமக்கிறார். முதலில் அவரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் எல்லா எண்ணையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கும் வைத்தியம் நடக்கிறது" என்றால் போதும். நேர்த்திக்கடனை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை போடாதீர்கள். பீலிக்கானுக்குப் போகிற அன்று நீங்களும் கூடப் போங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; டெங்கு வந்த தேதியை அதன் மேல் ஓரத்தில் எழுதிவையுங்கள்.