பாரிஸ் ஒப்பந்தம் "இழப்பீடு இல்லை" என்கிறதே, அப்புறம் வளர்ந்த நாடுகள் காலநிலை நிதி தருவது எப்படிக் கடமை?

விவாதத்தில் ஒருவர் இப்படிக் கேட்டு உங்களை மடக்கினார் என்றீர்கள். கடமைதான். வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு நிதி தர வேண்டும் என்று, காலநிலை மாற்றம் பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. "இழப்பீடு கிடையாது" என்று அவர் காட்டியது வேறு இடத்து வரி.

குழப்பம் இதில்தான் என்று நினைக்கிறேன்: காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பு, சேதம் பற்றியது 8ஆவது பிரிவு. ஒப்பந்தத்தை ஏற்க நாடுகள் 2015இல் எடுத்த முடிவின் 51ஆவது பத்தி, அந்த 8ஐ வைத்து இழப்பீடு கோர முடியாது என்கிறது. 9ஐ அது தொடவே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 9இன் முதல் உட்பிரிவில் "ஷல்" (shall) என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். சட்டத்தில் அது கட்டாயம். மற்ற நாடுகளைப் பற்றிய இரண்டாவது உட்பிரிவில் வெறும் ஊக்குவிப்புதான்.

அடுத்து, "அதான் கொடுத்துவிட்டார்களே" என்பார். 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வளர்ந்த நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் சொன்னது, 2022இல்தான் எட்டியது. அதிலும் அரசுகள் வழியாக வந்த நிதியில் பெரும்பகுதி கடன். கடலரிப்புக்குச் சுவர் கட்டக் கடன் வாங்கும் ஒரு தீவு நாடு, தான் கிளப்பாத புகைக்குத் தவணை கட்டுகிறது. இதை உதவிக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஒன்று மட்டும் கவனம். எந்த நாடு எவ்வளவு தர வேண்டும் என்று 9ஆவது பிரிவு சொல்வதில்லை. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி "இவ்வளவு பாக்கி" என்று இதை வைத்து வாதாடினால் மாட்டிக்கொள்வீர்கள்.