இங்கிலீஷ் டென்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. டென்ஸில் எங்கே தடுமாறுகிறீர்களோ அதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். உதாரண வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.

மேடம், பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை உருப்போட்டேன். இப்போதும் ஒப்பிப்பேன். ஆனால் பேச வாயைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அட்டவணையில் தப்பில்லை. மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம், ஆக 12. ஆனால் பேச்சில் பன்னிரண்டும் ஒரே அளவில் வருவதில்லை. ‘ஐ வில் ஹேவ் பீன் ரைட்டிங்’ என்று சொல்லவேண்டிய நேரம் உங்களுக்கு எப்போதாவதுதான் வரும். முதலில் ஐந்தைப் பிடியுங்கள்: ஐ கோ, ஐ ஆம் கோயிங், ஐ வென்ட், ஐ ஹேவ் கான், ஐ வில் கோ. இந்த ஐந்தையும் கேள்வியாகவும் ‘இல்லை’ என்றும் திருப்பிச் சொல்லப் பழகினால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எங்கேயும் சமாளிக்கலாம்.

இன்னொன்று. நான் பார்த்தவரை நம்மவர்கள் செய்யும் டென்ஸ் தவறுகள் சும்மா வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தமிழ் வினை இருக்கிறது. அது எது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். கீழே வரும் பதில்களில் அதைத்தான் காட்டப் பார்க்கிறேன்.

‘ஐ டிடின்ட் வென்ட்’ தப்பு என்கிறார்கள். நடந்து முடிந்த விஷயம்தானே, ‘வென்ட்’ வந்தால் என்ன?

‘போனேன்’ என்பதற்கு எதிராக என்ன சொல்வீர்கள்? ‘போகவில்லை’. ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இல்லை’ சேர்ந்ததும் ‘போன’ என்பது ‘போக’ ஆகிவிடுகிறது. இங்கிலீஷிலும் அப்படித்தான். ‘டிட்’ வந்ததும் ‘வென்ட்’ போய் ‘கோ’ வந்துவிடும். ஐ டிடின்ட் கோ. டிட் யூ ஈட்? ஷி டிடின்ட் கால்.

ஆனால் இதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ‘வரவில்லை’ காலத்தைச் சொல்வதில்லை. நேற்று வரவில்லை, இன்றைக்கு நான் வரவில்லை, அவர் இன்னும் வரவில்லை, மூன்றுக்கும் ஒரே சொல்தான். இங்கிலீஷில் மூன்றும் தனித்தனி: ஐ டிடின்ட் கம் யெஸ்டர்டே, ஐ ஆம் நாட் கமிங் டுடே, ஹி ஹேஸன்ட் கம் யெட். காலை எட்டு மணிக்கு லீவு கேட்டு போன் செய்பவர் ‘ஐ டிடின்ட் கம் டுடே’ என்று சொன்னால், ஆபீஸ் நேரமே முடிந்துபோன மாதிரி கேட்கும். ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

வங்கியில் வேலை. நான் எழுதும் மெயிலில் இருக்கிற ‘ஹேட்’ எல்லாவற்றையும் மேனேஜர் அடித்துவிடுகிறார். ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ என்பதில் என்ன குறை?

நீங்கள் நினைத்தது ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’. தமிழில் அழகான வாக்கியம். போய்விட்டுத் திரும்பியும் வந்தாயிற்று என்பது அந்த ‘இருந்தேன்’ இலேயே இருக்கிறது. அதைத்தான் ‘ஹேட்’ என்று மாற்றிவிடுகிறோம். இங்கிலீஷில் அந்த இடத்துக்கு ‘ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே’ போதும்.

‘ஹேட்’ வர வேண்டுமென்றால் நடந்தவை இரண்டு இருக்க வேண்டும். அதில் முந்தி நடந்ததற்குத்தான் ‘ஹேட்’. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால் நீங்கள் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. ‘ஹேட்’டை எடுத்துவிட்டு ‘த ட்ரெயின் லெஃப்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேரவும் ரயில் கிளம்பவும் சரியாக இருந்தது என்றாகிவிடும்.

மெயிலை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு ‘ஹேட்’டுக்கும் ‘எதற்கு முன்னால்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிட்டு சாதாரண இறந்தகாலம் போடுங்கள். ‘வி ஹேட் எ மீட்டிங்’ மாதிரி ‘ஹேட்’டே முழு வினையாக நிற்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம், அது வேறு.

‘போயிருக்கிறார்’ என்பதிலும் கவனம் தேவை. அவர் இப்போது மதுரையில் இருந்தால் ‘ஹி ஹேஸ் கான் டு மதுரை’. முன்பு எப்போதோ போய்வந்தவர் என்றால் ‘ஹி ஹேஸ் பீன் டு மதுரை’. வாடிக்கையாளரிடம் ‘ஹேஸ் பீன்’ என்று சொன்னால் மேனேஜர் சீட்டில்தான் இருக்கிறார் என்று காத்திருப்பார்.

அக்கா, நான் யாழ்ப்பாணம். 2015இல் இருந்து கனடாவில் இருக்கிறன். ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ட்வென்டி ஃபிஃப்டீன்’ எண்டால் பிழை எண்டு மகள் திருத்துறா. இப்பவும் இங்கதானே இருக்கிறன்?

மகள் சொல்வது சரி. நாம் ‘இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை நீண்டு வந்ததைப் பார்க்கிறார்கள், அதனால் ‘ஹேவ்’ வேண்டும்: ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் ட்வென்டி ஃபிஃப்டீன். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’, எவ்வளவு காலம் என்று சொன்னால் ‘ஃபார்’. சின்ஸ் மண்டே, ஃபார் டென் இயர்ஸ். ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ வேண்டாம்.

உங்களுக்கு இது டாக்டரிடம் போகும்போது கட்டாயம் தேவைப்படும். மூன்று நாளாகக் காய்ச்சல், இன்னும் விடவில்லை என்றால் ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’. வெறும் ‘ஐ ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்று சொன்னால், வந்தது, இப்போது விட்டுவிட்டது என்று அவர் குறித்துக்கொள்வார். இந்த ஒரு வாக்கியத்தையாவது வீட்டில் எல்லோரும் சொல்லிப் பழகுங்கள்.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ சரியா?

இல்லை. எப்போது என்று சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே.’ எப்போது என்பது முக்கியமில்லை, பார்த்தாயிற்று என்பதுதான் விஷயம் என்றால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’. அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பார்கள். இரண்டும் சரி, குழம்ப வேண்டாம்.

என் மாமனார் தினமும் காலையில் காபி குடிப்பார். ‘ஹி வில் டிரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்’ என்று சொன்னேன். கேட்டவர் ‘எப்போதிலிருந்து?’ என்றார்!

‘குடிப்பார்’ பார்க்க எதிர்காலம், ஆனால் நாம் அதில் பழக்கத்தையும் சொல்கிறோம். கேட்டவர் இனிமேல் குடிக்கப்போகிறார் என்று எடுத்துக்கொண்டார். பழக்கத்துக்கு ‘ஹி டிரிங்க்ஸ் காஃபி எவ்ரி மார்னிங்’. ‘சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம்’ என்பதும் இதே ‘ப்’ தான். அங்கே ‘வி யூஸ்ட் டு பேத் இன் த ரிவர்’. கடைசியில் ‘வேன், வார், பேன், பார்’ வந்தாலே கை ‘வில்’லைத் தேடும். இனிமேல் நடக்கப்போவதா, பழக்கமா என்று ஒரு நொடி யோசியுங்கள்.

அந்த ‘டிரிங்க்ஸ்’ இல் இருக்கும் ‘ஸ்’ஸை விடாதீர்கள். தமிழில் நான், நீ, அவன், அவள் என்று ஆளுக்கொரு விகுதி போடுகிறோம். இங்கே ஹி, ஷி, இட் வந்தால் ஒரே ஒரு ‘ஸ்’ தான்.

‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ இரண்டும் தப்பா?

தப்புதான். ஐ ஹேவ் எ கார், ஐ நோ ஹிம். ‘அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று நாமும் சொல்வதில்லையே. கார் விஷயத்தில் ‘வைத்திருக்கிறேன்’ தான் வழிதப்ப வைக்கிறது. ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரி, அங்கே சாப்பிடுவது நடந்துகொண்டிருக்கிறது.

கோ, வென்ட், கான் மாதிரி மூன்று வடிவங்களை எப்படி மனதில் நிறுத்துவது?

அகரவரிசைப் பட்டியல் வேண்டாம். அதிகம் புழங்கும் பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், சீ, இவை எல்லாமே விதிக்கு அடங்காதவை. முதலில் இந்தப் பத்து. அப்புறம் ஓசையால் சேர்த்துப் படியுங்கள். சிங், சாங், சங் வந்தால் ரிங், டிரிங்க், ஸ்விம் கூடவே வரும். பிரிங், பை, திங்க், கேட்ச், டீச் எல்லாம் ‘ஆட்’ ஓசையில் முடியும்: பிராட், பாட், தாட், காட், டாட். புட், கட், ஹிட், ஷட் மாறவே மாறாது. ‘ரீட்’ எழுத்தில் மாறாது, ஆனால் இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்று வாசிக்க வேண்டும்.

விதிக்கு அடங்கும் வினைகளில் உச்சரிப்பைப் பாருங்கள். ‘வாக்கட்’, ‘ஸ்டாப்பட்’ இல்லை, வாக்ட், ஸ்டாப்ட். ப்ளே, கால் மாதிரியானவற்றில் ‘ட்’ மெதுவாக விழும். முன்னால் ஏற்கெனவே ‘ட்’ ஓசை இருந்தால் மட்டும்தான் கூடுதல் அசை: வான்டட், நீடட்.

‘நீங்கள் வரும்போது சொல்லுங்கள்’ என்பதற்கு ‘வென் யூ வில் கம்’ வருமா?

வராது. ‘வென் யூ கம், டெல் மி.’ ‘இஃப்’ வந்தாலும் இதேதான். மழை பெய்தால் வர மாட்டேன்: ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வோன்ட் கம்.’ ‘வில்’ இரண்டாவது பாதியில் மட்டும்.