நடக்காத மீட்டிங்குக்குக் கையெழுத்து

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் 35 பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் பவர் பிரஸ்ஸில் ஒரு தம்பிக்கு விரல் நுனி போய்விட்டது. மாதாமாதம் சேஃப்டி மீட்டிங் நடந்ததாகப் பழைய தேதி போட்டு ரிஜிஸ்டர் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்கிறார் முதலாளி. அது இருந்தால் நஷ்டஈடு தர வேண்டாமாம். எனக்குச் சிக்கல் வருமா? இனி மீட்டிங்கை எப்படித்தான் நடத்துவது?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். விசாரணையில் ஆதாரமாகக் காட்டுவதற்காகப் பதிவேட்டில் பொய்யாக எழுதுவது, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 228-ஆம் பிரிவின்படி பொய்ச் சாட்சியம் புனைவது. நீதிமன்ற வழக்குக்காக என்றால் 7 ஆண்டு வரை சிறை. மாட்டுவது எழுதிய கைதான். முதலாளி, "சூப்பர்வைசர்தான் பார்த்துக்கிட்டார்" என்று ஒதுங்கிவிடுவார்.

இந்த மாதிரி ரிஜிஸ்டர் குறுக்கு விசாரணையில் பத்து நிமிஷம் தாங்காது. ஆறு மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில் இருக்கும். நைட் ஷிப்ட் ஆள் காலை பதினொரு மணி மீட்டிங்கில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

சரி, அந்த ரிஜிஸ்டரால் முதலாளிக்கு லாபமாவது உண்டா? அதுவும் இல்லை. 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிடும். அந்தத் தம்பியின் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பணம் தரப்போவது இ.எஸ்.ஐ.தான். கம்பெனி வேலையாகச் செய்தபோது அடிபட்டிருந்தால், விதியை மீறினார் என்பதற்காக அதை மறுக்க முடியாது. விபத்தை உடனே இ.எஸ்.ஐ.க்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். தம்பியை மதுரை தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளவர் என்றாலும் கவனக்குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், அல்லது கார்டை (மிஷினில் கை போகாமல் காக்கும் தடுப்பை) வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். அந்தப் பிரஸ்ஸில் கார்டு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. என் முதல் கேள்வி அதுதான்.

இனி நடத்துவதைப் பற்றி. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை; பாதுகாப்புத் தகவலைக் கேட்பதும் குறையைச் சொல்வதும் தொழிலாளியின் உரிமை. ஆகவே மீட்டிங்கை ஆபீஸ் ரூமில் போடாமல் மிஷின் பக்கத்திலேயே போடுங்கள். பத்து நிமிஷம் போதும், வேலை நேரத்துக்குள். ஷிப்ட் முடிந்தபிறகு நிறுத்திவைத்தால் ஓவர்டைம் கணக்கு வரும், இரட்டைச் சம்பளம். வடமாநிலப் பையன்கள் இருந்தால் இந்தி தெரிந்த ஒருவர் சொல்லட்டும். புரியாத பேச்சுக்கு வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவர்களைப் பேசவிடுங்கள். போன வாரம் யார் கை நூலிழையில் தப்பியது என்று கேட்டுப் பாருங்கள், கொட்டுவார்கள்.

ரிஜிஸ்டரில் "பாதுகாப்பு பற்றி அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதுவது வீண். "3-ஆம் நம்பர் பிரஸ், கார்டு ஆடுகிறது, மெயின்டனன்ஸ் வெள்ளிக்குள் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதுங்கள். அடுத்த மீட்டிங் அந்த வரியில் தொடங்கட்டும். குறையை எழுதிவைத்தால் நமக்கே வினையாகும் என்று முதலாளி பயப்படுவார். எழுதிவிட்டுச் சரிசெய்யாமல் விட்டால்தான் வினை.

மறுப்பதை வாய்ப்பேச்சில் விடாமல், "நடக்காத கூட்டத்தைப் பதிவு செய்ய இயலாது" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் நெருக்கினால் அந்த நகலோடு மதுரையிலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.