அவருக்கு முதலில் தூக்கம் வேண்டும்

கேள்வி: என் கணவர் ஏட்டு. ஆறு மாதம் முன்பு, விபத்தில் இறந்த ஒரு குழந்தைக்குப் போஸ்ட்மார்ட்டம் முடியும்வரை மார்ச்சுவரியில் நின்றுவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் மகனைத் தூக்குவதே இல்லை. தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், தினமும் குடிக்கிறார். டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "மெண்டல்னு எழுதிடுவாங்க, எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) புரமோஷன் போயிடும்" என்கிறார்.
- காவலர் மனைவி, மதுரை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகன் மேல் அவருக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிள்ளையைத் தூக்கினால் அந்த மார்ச்சுவரி ஞாபகம் வருகிறதோ என்னவோ. கொடுமையைக் கண்ட மனம், அதை நினைவூட்டும் எதையும் கிட்டே சேர்க்காது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

நைட் ரவுண்ட்ஸ் முடித்து, காலையில் கோர்ட், மாலையில் பந்தோபஸ்து என்று ஓடுகிறவருக்கு மனம் ஆற நேரம் ஏது? அதனால் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். "மனநலம்" என்று பேச்செடுக்காமல், "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்று கூப்பிடுங்கள். குடித்தால் சட்டென்று கண் சொருகும்; ஆனால் நடுராத்திரியில் விழிப்புத் தட்டிவிடும். அதற்காக ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி குறைக்கட்டும்.

அவருடைய பயம் நியாயமானதுதான். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, டாக்டர் அதை ஸ்டேஷனுக்குச் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.க்குப் போகலாம். அதற்கும் தயங்கினால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையுடன் சேர்ந்து தமிழகக் காவல்துறை 2018-ல், காவலர்கள் மன அழுத்தத்தைச் சமாளிக்க நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மார்ச்சுவரியிலிருந்து திரும்பியவரிடம் அன்றைக்கே "சாப்பிட்டியாப்பா? ரெண்டு நாள் வீட்ல இரு" என்று சொல்ல ஒரு அதிகாரி வேண்டும். அது இல்லாத ஸ்டேஷனில் எந்தப் பயிற்சியும் பாதிதான் பலிக்கும் என்பது என் கருத்து. வார ஓய்வு தர 2021-லேயே அரசு உத்தரவு போட்டிருக்கிறது. திருவிழா, தேர்தல் என்றால் முதலில் பறிபோவதும் அதுதான். இருந்தாலும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. "செத்துடலாம் போலிருக்கு" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பாரா டூட்டியில் (காவல் நிற்கும் பணியில்) கையில் துப்பாக்கி இருக்கும் என்றால், அவர் நம்புகிற சக ஏட்டு ஒருவரிடம் சொல்லி, அந்த டூட்டியை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

ஓ.பி.க்கு முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று அவர் முடித்துவிடப் பார்ப்பார். எத்தனை மணிக்கு விழிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார், மகனிடம் எப்படி இருக்கிறார் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.