17 வயது மிட்ஃபீல்டரை சீரி டி கிளப் கூப்பிடுகிறது, அனுப்பலாமா?

இத்தாலியின் பலேர்மோவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் அங்கேயே பிறந்தவன், 17 வயது, நடுக்களத்தில் ஆடுகிறான். கலாப்ரியாவில், இத்தாலியின் நான்காம் நிலை லீகான சீரி டியில் ஆடும் ஒரு கிளப் தங்க இடம், சாப்பாடு, மாதம் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்கிறது. பள்ளியில் கடைசி வருஷம்தான் பாக்கி. "அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். கீழ் லீகில் ஆடி ஒருவன் வாழ முடியுமா? அனுப்பலாமா?" இதுதான் கேள்வி.

அனுப்பலாம், ஆனால் பள்ளியை விடக் கூடாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கிளப் இப்போது தேடுவது உங்கள் மகனின் கால் திறமையை மட்டும் இல்லை, அவன் பிறந்த வருஷத்தையும் சேர்த்துத்தான்.

சீரி டியில் ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட வருஷங்களில் அல்லது அதற்குப் பின் பிறந்த சில பையன்களை ஒவ்வொரு லீக் ஆட்டத்திலும் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை களத்தில் வைத்திருந்தே ஆக வேண்டும். எத்தனை பேர், எந்த வருஷம் என்பது சீசனுக்கு சீசன் மாறும். இந்தப் பையன்களை இத்தாலியர்கள் 'அண்டர்' என்பார்கள், அந்த வயதைத் தாண்டியவர் 'ஓவர்'. அதனால் ஒவ்வொரு கோடையிலும் எல்லாக் கிளப்பும் அண்டர் பையன்களுக்காக அலைகின்றன. உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருப்பதும் அந்த அலைச்சல்தான். பையனுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை, திறமை இல்லாதவனைத் தங்க இடம் கொடுத்துக் கூட்டிப் போக மாட்டார்கள். ஆனால் அதே திறமையோடு 22 வயதில் போய் நின்றால் அதே கிளப் கூப்பிடுமா என்பது வேறு கேள்வி, உங்களுக்கு முக்கியமான கேள்வியும் அதுதான்.

அப்புறம் இன்னொன்று, இது மிட்ஃபீல்டருக்கே உரியது. பயிற்சியாளர்கள் அண்டர் பையன்களைப் பெரும்பாலும் கோல்கீப்பராகவோ, இரண்டு ஓரத் தடுப்பாட்டக்காரர்களாகவோதான் போடுவார்கள். பந்து அதிகம் வந்துபோகும் நடு இடத்தை 28, 30 வயது அனுபவசாலிகளுக்கு வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஒரு தப்பான பாஸ் கோலாகிவிடும் இடம் அது. ஆகவே உங்கள் மகன் அங்கே போனதும் வலது ஓரத்துக்குத் தள்ளப்படலாம். அது அவமானம் இல்லை. 2006 உலகக் கோப்பை இறுதியில் கடைசிப் பெனால்ட்டியை அடித்த ஃபாபியோ குரோஸ்ஸோகூட கீழ்நிலை லீகுகளான எச்செலென்சாவிலும் சீரி சி2-விலும் தாக்கும் மிட்ஃபீல்டராக ஆடிவிட்டுப் பிற்பாடுதான் இடது ஓரத் தடுப்பாட்டக்காரர் ஆனார். ஆனால் எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள் என்று கிளப்பின் விளையாட்டு இயக்குநரிடம் இப்போதே நேராகக் கேட்டுவிடுங்கள். மூன்று வருஷம் ஓரத்தில் ஓடிவிட்டு, அண்டர் வயது தாண்டியபின் "நான் மிட்ஃபீல்டர்" என்று வேறு கிளப்பில் சொன்னால், நடுக்களத்தில் எத்தனை ஆட்டம் ஆடினாய் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

மேலே போகும் வழி எவ்வளவு குறுகலானது என்பதும் தெரிந்திருக்கட்டும். சீரி டியில் 9 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடிக்கும் அணி மட்டுமே சீரி சிக்கு ஏறும். சீரி சியில் 60 அணிகள், அதில் 4 மட்டும் சீரி பிக்குப் போகும். சட்டப்படி தொழில்முறைக் கால்பந்து சீரி சியோடு முடிகிறது, சீரி டி அமெச்சூர் லீக். அதோடு பெரிய கிளப்புகளான யுவென்டஸ் 2018-லும் அட்டலாண்டா 2023-லும் தங்கள் இளையோர் அணிகளை சீரி சிக்குள் கொண்டுவந்தன, அதாவது உங்கள் மகன் வயதுப் பையன்களில் மிகச் சிறந்தவர்களோடுதான் அங்கே போட்டி.

இருந்தும் வாழ்க்கை இல்லாமல் இல்லை. மார்கோ பரோலோ, எமானுவேலே ஜாக்கெரினி இருவரும் 1985-ல் பிறந்த மிட்ஃபீல்டர்கள். பரோலோ கோமோ, பிஸ்தோயேசே, ஃபொலிஞ்ஞோ, மூன்றாம் நிலையில் கிடந்த வெரோனா என்று சுற்றினார். ஜாக்கெரினி ஃபோர்லி, பெல்லாரியா, பாவியா என்று இரவல் போய்க்கொண்டே இருந்தார். இருவரும் செசேனாவில் சேர்ந்து 25 வயதில்தான் முதல் நிலை லீகான சீரி ஏயைத் தொட்டார்கள். 2016 யூரோவில் இத்தாலி பெல்ஜியத்தை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் இருவரும் தொடக்க அணியில் இருந்தார்கள், முதல் கோல் ஜாக்கெரினியுடையது. பிரேசில்காரர் ஜூனியர் மெசியாஸ் தூரினில் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் இறக்கிக்கொண்டே அமெச்சூர் ஆட்டம் ஆடியவர், 30 வயதில் மிலானுக்காக அட்லெட்டிகோ மாட்ரிட் மைதானத்தில் வெற்றிக் கோல் அடித்தார். இவர்களை மகனுக்குச் சொல்லுங்கள், ஆனால் இவர்களெல்லாம் 22, 23 வயதில் யாரும் கண்டுகொள்ளாத காலத்தைத் தாண்டி வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்தை எதை வைத்துத் தாங்குவது என்பதற்குத்தான் பள்ளி முடித்ததற்கான டிப்ளமோ.

பணம். 2023 ஜூலை முதல் அமெச்சூர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பணமும் வேலைக்கான கூலியாகவே கணக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். வருஷத்துக்கு 15,000 யூரோ வரை வருமான வரி இல்லை, 5,000 வரை சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை. "கையில் தருகிறோம், பேப்பர் எதற்கு" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ஆட வைக்க உங்களிடம் பணம் கேட்டால், அதற்கு ஸ்பான்சர் என்று என்ன பெயர் வைத்தாலும் சரி, அப்படியே. முன்பு அமெச்சூர் பையன்களை 25 வயது வரை ஒரே கிளப்போடு கட்டிப்போடும் முறை இருந்தது, இப்போது ஒழிந்துவிட்டது. ஆனாலும் எத்தனை சீசனுக்குக் கையெழுத்து என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

கிளப் நிலைக்குமா என்பதையும் விசாரியுங்கள், ஊரில் போன வருஷம் ஆடியவர்களிடமே. சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று அவர்கள் சொல்வார்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை: 2019 பிப்ரவரியில் ப்ரோ பியாச்சென்சா சம்பளம் கொடுக்க முடியாமல், ஆட்டக்காரர்கள் போய்விட, பெரும்பாலும் பதின்வயதுப் பையன்களான 7 பேரோடு களமிறங்கி கூனியோவிடம் 20-0 என்று தோற்றது, அடுத்த நாளே லீகிலிருந்து நீக்கினார்கள். 2025 மார்ச்சில் தாரன்தோவும் துர்ரிஸும் சீசன் நடுவிலேயே சீரி சியிலிருந்து வெளியேற்றப்பட்டன. இவை தொழில்முறை லீக் கிளப்புகள், சீரி டி அதற்கும் ஒரு படி கீழே.

முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிறு மைதான வேலியோரம் நின்று அவனை மட்டும் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். பந்து காலுக்கு வருவதற்குமுன் எத்தனை தடவை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறான்? 60-வது நிமிடத்துக்குப் பிறகு அது குறைகிறதா? பந்து பறிபோனதும் முதல் மூன்று அடியை எந்தத் திசையில் எடுத்து வைக்கிறான்? மிட்ஃபீல்டரை ஓவர் வயதிலும் களத்தில் நிறுத்துவது இதுதான், வேலியருகே பாட்டிகளைக் கைதட்ட வைக்கும் டிரிபிளிங் இல்லை.

பள்ளியை எப்படிச் சமாளிப்பது? சீரி டியில் பயிற்சி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு, பள்ளி விடுவது மதியத்தில், ஆகவே கிளப் இருக்கும் ஊரிலேயே பள்ளியை மாற்றிக் கடைசி வருஷத்தை முடிக்க முடியும். சேர்க்கை, பஸ், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் கிளப்பே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேளுங்கள். நல்ல கிளப் இதற்கு முகம் சுளிக்காது. சுளித்தால் இன்னொரு வருஷம் பலேர்மோவிலேயே இருந்து ஆடட்டும், 18 வயதிலும் அவன் அண்டர்தான், அழைப்பு வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகனுக்கு இத்தாலியக் குடியுரிமை இன்னும் இல்லையென்றால், பிறந்தது முதல் 18 வரை சட்டப்படி இடைவெளி இல்லாமல் இங்கேயே வசித்தவன் 18 முடிந்து 19 ஆவதற்குள் கொமூனேயில் (நகராட்சியில்) போய் அறிவித்தால் போதும், 1992 சட்டம் அதைத் தருகிறது. தொழில்முறைக் கிளப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவரைச் சேர்ப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு, இத்தாலியின் நீல நிற இளையோர் தேசிய அணிக்கும் குடியுரிமை இல்லாமல் வழியில்லை. அந்த ஒரு வருஷம் அவன் கலாப்ரியாவில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பான், தேதி அவனுக்கு நினைவிருக்காது. பலேர்மோ வீட்டுக் காலண்டரில் நீங்கள் குறித்து வையுங்கள்.