பைத்தானுக்கு எழுநூறு ரூவாயா?

இந்த தடவை வந்த லெட்டர்ல முக்கால்வாசி ஒரே கதைதான். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்குல பைத்தான்ங்கற புரோகிராம் லாங்குவேஜ் இருக்கு, வீட்டுல அண்ணனோ மாமாவோ விட்டுட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் இருக்கு, ரெண்டுக்கும் பொருத்தம் கூடி வரல. லெட்டரெல்லாம் நறுக்கித்தான் போட்டிருக்கேன். ரெண்டு பேர் குடும்ப வரலாறே எழுதியிருந்தீங்க, கோச்சுக்காதீங்க.

கேள்வி: பொண்ணு பிளஸ் டூ. வீட்ல இருக்கறது 2011ல வாங்குன டெஸ்க்டாப், விண்டோஸ் 7, ரெண்டு ஜிபி ராம். பைத்தான் டவுன்லோட் பண்ணினோம், இன்ஸ்டாலே ஆகல. தெரிஞ்ச கடையில "இதுல பைத்தான் ஓடாது சார், 38,000ல புது லேப்டாப் இருக்கு"ங்கறாங்க. வாங்கிடலாமா? – ஒரு அப்பா, விருதுநகர்

பதில்: பர்ஸை உள்ள வைங்க சார். ஓடாதது பைத்தான் இல்ல, நீங்க இறக்குன வெர்ஷன். பைத்தான் சைட்டுக்குப் போனா மேல பெருசா மஞ்சள் பட்டன் இருக்கும், எல்லாரும் அதைத்தான் அமுக்குறாங்க, அது இப்ப வர்ற புதுசு, விண்டோஸ் 10க்குக் கீழ இறங்காது. விண்டோஸ் 7க்கு கடைசியா வந்த வரிசை 3.8, அதுல கடைசி இன்ஸ்டாலர் 3.8.10, அது 2021ல வந்தது. 3.9லேர்ந்து 7ஐ கழட்டி விட்டுட்டாங்க. அதே சைட்ல பழைய ரிலீஸ் லிஸ்ட்ல இன்னும் இருக்கு, முப்பது எம்பி கூட வராது.

ஆனா அதுக்கு முன்னாடி 'கம்ப்யூட்டர்' ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாருங்க. 32 பிட்டா 64 பிட்டான்னு போட்டிருக்கும், சர்வீஸ் பேக் 1ங்கற பெரிய விண்டோஸ் அப்டேட் இருக்கான்னும் அங்கயே தெரியும். ரெண்டு ஜிபி மெஷின்ல பெரும்பாலும் 32 பிட்தான் போட்டிருப்பாங்க, அப்ப 64 பிட் ஃபைலை இறக்கிட்டு மல்லுக்கட்டாதீங்க. இன்ஸ்டால் ஆன பிறகு ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் காணோம்னு நீளமா ஒரு பேரைச் சொல்லி நின்னா பயப்பட வேண்டாம், மைக்ரோசாஃப்ட்டோட கேபி 2999226ங்கற அப்டேட்டைப் போடுங்க, பெரும்பாலும் சரியாயிடும். இன்ஸ்டாலரோட முதல் பக்கத்துல கீழ, பைத்தான் எங்க இருக்குன்னு விண்டோஸுக்குச் சொல்ற 'பாத்'ல சேர்க்கவான்னு ஒரு குட்டி டிக் பாக்ஸ் இருக்கும், அதை டிக் பண்ணாம அடுத்து போகாதீங்க, அதை விட்டுட்டு எனக்கு லெட்டர் போடுறவங்களே ஒரு கூட்டம் இருக்காங்க.

பாடத்துல வர்ற லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷ்னரி, கிளாஸ் எல்லாத்துக்கும் 3.8 தாராளம். டேட்டாபேஸ் பாடத்துக்கான எஸ்க்யூலைட்டும் பைத்தான் கூடவே வந்துடும், தனியா தேட வேண்டாம். ஒண்ணு மட்டும், விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஓட பாதுகாப்பு அப்டேட் கிடையாதுன்னு கைய விரிச்சாச்சு, அதனால அந்த மெஷின்ல பேங்க் வேலை எதுவும் வேண்டாம். பொண்ணு புரோகிராம் போட்டுப் பழகட்டும், போதும்.

கேள்வி: பைத்தான் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு வாங்கலாமா, மூணு வருஷத்துக்கா? எது லாபம்? – கும்பகோணம்

பதில்: வாங்காம இருக்கறது.

கேள்வி: அக்கா பையனுக்காக பழைய கம்ப்யூட்டரை கடைக்கு எடுத்துட்டுப் போனேன். "ஒரிஜினல் பைத்தான் லைசென்ஸ் சிடி" 700, போட்டுக் குடுக்க 500ன்னு 1,200 வாங்குனாங்க. இப்ப பிரவுசரைத் திறந்தா சூதாட்ட விளம்பரமா வருது, பைத்தானும் திறக்கல. திருப்பிக் கேட்டா பில்லைக் காட்டுறாங்க, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு சீல். நான் தையல் வேலை பாக்கறேன், 1,200ங்கறது எனக்கு நாலு நாள் கூலி. – ஒரு சகோதரி, திண்டுக்கல்

பதில்: படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது சகோதரி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல, தெரியாததை தெரிஞ்சவன்கிட்ட கேட்டிருக்கீங்க, அவன் அதை வச்சு சம்பாரிச்சுட்டான்.

பைத்தான் ஃப்ரீ. 1991ல கைடோ வான் ராஸம்ங்கற டச்சுக்காரர் முதல்ல வெளியிட்டதுலேர்ந்து யாரும் அதுக்கு காசு குடுத்து லைசென்ஸ் வாங்குனது கிடையாது. 500 ரூவா கூலி சரியா தப்பான்னு பேசலாம், உக்காந்து வேலை பாத்தா கூலி வாங்கறது நியாயம்தான், அதுல நான் குறுக்க வரமாட்டேன். சிடில காப்பி போட்டு விக்கறது கூட அந்த லைசென்ஸ்படி குத்தமில்ல. ஆனா ஃப்ரீயா கிடைக்கறதை "ஒரிஜினல் லைசென்ஸ்"னு சொல்லி காசு வாங்குனா அது பொய், பொய் சொல்லி வித்தா அதுக்கு சட்டத்துல பேரு முறையற்ற வணிகம்.

இப்ப அந்த சீலுக்கு வரேன். இந்த சீல் மேல எனக்கு இருக்கற ஆத்திரம் பழையது. ஜவுளிக்கடைலேர்ந்து மிக்ஸி கடை வரைக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்பை வாங்கி வச்சுக்கிட்டு, அது என்னமோ கோர்ட் தீர்ப்பு மாதிரி காட்டுறாங்க, நாமளும் அதைப் பாத்ததும் தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்துடறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலைலேர்ந்து நடைமுறையில இருக்கு. குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன நாளுக்குள்ள, நாள் எதுவும் சொல்லலன்னா முப்பது நாளுக்குள்ள, திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேன்னு சொல்றதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லு குடுக்காம விக்கறதும் அப்படித்தான். கலர் பிடிக்கல, மனசு மாறிடுச்சுன்னு போனா அது வேற கதை, அங்க கடைக்காரன் பேசலாம். குறையுள்ள பொருளுக்கு அந்த ஸ்டாம்ப் செல்லாது, மை காஞ்சதுதான் மிச்சம்.

நீங்க பண்ண வேண்டியது: பில்லு, சிடி, விளம்பரம் வர்ற ஸ்கிரீன் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. கடைக்கு ஒரு லெட்டர் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ஃபோன்ல சண்டை போடாதீங்க, ஃபோன்ல பேசுனது காத்தோட போயிடும். பதில் இல்லன்னா 1915க்கு கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா மனு குடுக்க ஃபீஸே கிடையாது, ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, வக்கீல் வைக்கணும்னும் இல்ல. ரொம்ப பேருக்கு அந்த லெட்டரும் 1915மே போதும்.

நானும் சொல்லிக்கறேன், வெக்கம் எதுக்கு. 2006ல ஒரு இடத்துல "சி லாங்குவேஜ் கம்ப்ளீட் கிட்"னு ரெண்டாயிரம் ரூவா குடுத்து வாங்குனேன். மினுமினுன்னு ஒரு டப்பா, உள்ள ஒரு சிடி, ஒரு ஜெராக்ஸ் புக்கு. சிடில இருந்தது டர்போ சி, சி புரோகிராம் எழுதி ஓட்டற சாஃப்ட்வேர். அதோட பழைய 2.01 வெர்ஷனை அதைப் பண்ண போர்லாண்ட் கம்பெனிக்காரங்களே ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிக்கலாம்னு விட்டிருந்தாங்க, எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்த டப்பாவை இன்னும் தூக்கிப் போடல, அதுக்குள்ள ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்ல 9,000த்துக்கு செகண்ட் ஹேண்ட் சிபியு, ஐ5, செம ஸ்பீடுன்னு சொன்னாங்க. ஆன் பண்ணி பாக்கல, டைம் இல்ல. பில்லும் வாங்கல. வந்து பாத்தா பைத்தான் போட முடியுது, ஆனா புரோகிராம் எழுதற விஎஸ் கோட் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். கடை மேல கேஸ் போடலாமா? – தாம்பரம்

பதில்: எந்த பில்லை வச்சு?

தம்பி, ஐ5ங்கறது 2009ல வந்த பேரு. அன்னைலேர்ந்து பதினாலு ஜெனரேஷன் அதே பேர்ல வந்திருக்கு. ஐ5ன்னு மட்டும் கேட்டு வாங்கறது, பொன்னி அரிசின்னு கேட்டுட்டு மூட்டையைப் பிரிக்காம தூக்கிட்டு வர்ற மாதிரி. ஸ்டார்ட்ல எம்எஸ்இன்ஃபோ32ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா பிராசசர் நம்பர் முழுசா வரும், கடையிலயே அரை நிமிஷ வேலை. அதுக்கு டைம் இல்லன்னா 9,000 ரூவாய்க்கு மட்டும் எப்படி டைம் இருந்துச்சுன்னு எனக்குப் புரியல.

சரி, வாங்கியாச்சு. விஎஸ் கோடைத் தூக்கிடுங்க, கத்துக்கறவங்களுக்கு அது தேவையே இல்ல. தானின்னு ஒரு சின்ன எடிட்டர் இருக்கு, அதைப் போடுங்க, எஸ்தோனியாவுல டார்ட்டு யுனிவர்சிட்டில படிக்க வர்ற பசங்களுக்காகவே பண்ணது, பைத்தானும் உள்ளயே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்குன்னா காசு சேர்த்து எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க் ஒண்ணு சின்னதா மாட்டுங்க, ராமை விட அதுலதான் முதல்ல வித்தியாசம் தெரியும். அப்படியே ராம் வாங்கினா உங்க மதர்போர்டுக்கு டிடிஆர்3யா 4ஆன்னு பாத்துட்டு வாங்குங்க. நான் பாக்காம வாங்குனது ஒண்ணு அலமாரில தூங்குது.

கேள்வி: பைத்தான் நல்லா ஓடுது, ஆனா பைத்தானுக்கு எக்ஸ்ட்ரா பேக்கேஜ் இறக்கற பிப் வச்சு எதையும் இறக்க முடியல, சர்ட்டிஃபிகேட் எர்ரர். பிரவுசர்லயும் எல்லா சைட்டும் பாதுகாப்பு இல்லன்னு வருது. மதர்போர்டு போயிடுச்சுன்னு சர்வீஸ்காரர் சொல்றார். – ஈரோடு

பதில்: வலது பக்கம் கீழ தேதியைப் பாருங்க. 2009ன்னோ 2010ன்னோ காட்டுதா? அப்ப போனது மதர்போர்டு இல்ல, அதுல இருக்கற பட்டன் பேட்டரி. சிஆர்2032, வாட்ச் கடையில கூட கிடைக்கும். சைட் நம்பகமானதுன்னு காட்டற சர்ட்டிஃபிகேட்டுக்கு ஒரு தொடக்க தேதி, ஒரு முடிவு தேதி இருக்கும், உங்க மெஷின் 2010ல உக்காந்துட்டு "இது இன்னும் பொறக்கவே இல்லையே"ன்னு நினைக்குது. பேட்டரியை மாத்தி தேதியைச் சரி பண்ணிட்டு அப்புறம் பேசுங்க. இதே பேச்சைக் கேட்டு நான் 3,500 குடுத்து மதர்போர்டு மாத்துனவன். புது போர்டுல புது பேட்டரி இருந்துச்சு, அதனால சரியாச்சு, சர்வீஸ்காரரும் கெட்டிக்காரர் ஆயிட்டார்.

கேள்வி: ரிட்டயர்ட் ஆசிரியர், வயசு 71. விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி. பேரன்கூட சேர்ந்து நானும் கத்துக்க ஆசை. சிரிக்காதீர்கள். – நாகர்கோவில்

பதில்: யாரும் சிரிக்கல ஐயா. எக்ஸ்பிக்கு 3.4.4 வரைக்கும் இன்ஸ்டாலர் இருக்கு, 3.5லேர்ந்து கிடையாது. பேரனை விட்டு வேற கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வரச் சொல்லுங்க, எக்ஸ்பியை நெட்ல இணைக்க வேண்டாம், அதுக்கு 2014லயே காவல் எடுத்தாச்சு. ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க: பேரன் மேற்கோள் குறிக்கு முன்னாடி எஃப்னு ஒரு எழுத்து போட்டு எழுதுற பிரிண்ட் வரி உங்ககிட்ட எர்ரர் காட்டும், அது 3.6ல வந்த சமாச்சாரம். தப்பு உங்களுது இல்ல.

கேள்வி: அண்ணனுக்கு கவர்ன்மென்ட் குடுத்த லேப்டாப். பைத்தான் போடணும்னா ஃபார்மட் பண்ணணும், 800 ஆகும்ங்கறாங்க. – அரியலூர்

பதில்: குடுக்காதீங்க. அதுல விண்டோஸ் மாதிரியே பாஸ் லினக்ஸ்னு இன்னொரு சிஸ்டம் இருக்கலாம், ஆன் ஆகும்போது அந்தப் பேர்ல ஒரு வரி வருதான்னு பாருங்க, வந்தா அதுக்குள்ள போய் கட்டளை அடிக்கற டெர்மினல்ல பைத்தான்3ன்னு இங்கிலீஷ்ல சேர்த்து அடிங்க. வெறும் பைத்தான்னு அடிச்சா பழைய 2 திறந்துக்கும், அது உங்க பாடத்துக்கு ஆகாது. அண்ணன் லினக்ஸை அழிச்சிட்டார்னா முதல் பதிலை மறுபடி படிங்க.

கேள்வி: நான் காலேஜ்ல டர்போ சி படிச்சவன். அந்த நீல ஸ்கிரீன் இல்லாம புரோகிராம் எழுதவே கை வரல. 64 பிட் விண்டோஸ்ல டர்போ சியும் திறக்க மாட்டேங்குது. பைத்தானுக்கு நீலம் கிடைக்குமா? – மதுரை

பதில்: டர்போ சி 16 பிட் காலத்து சரக்கு, 64 பிட் விண்டோஸ்ல நேரா திறக்காது, பழைய டாஸ் புரோகிராமை ஓட்டற டாஸ்பாக்ஸ் வச்சுத்தான் ஓட்டணும். பைத்தானோட வர்ற ஐடில்ங்கற எடிட்டர்ல ஆப்ஷன்ஸ் போய் கான்ஃபிகர்ல ஐடில் டார்க்னு ஒரு தீம் இருக்கும். கருநீலம். காசு கேட்டா எனக்கு எழுதுங்க.